பட்டறைப் பதில்கள்: ரூட்டருக்கு ஒரு மேசை

மர வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கோவை வார்ப்பட ஆலை ஒன்றின் பேட்டர்ன் ஷாப்பில் (வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் பிரிவில்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்த தச்சர் பதில் சொல்கிறார்.

ஐயா, வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பட்டறை போட்டிருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும்தான் மர வேலை. மரத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டவும் ஓரம் சீவவும் 1600 வாட் ரூட்டர் மிஷின் கையில் இருக்கிறது. ரெடிமேட் ரூட்டர் டேபிள் விலை கேட்டால் ரூட்டர் விலையையே தாண்டுகிறது. நானே செய்துகொள்ள முடியுமா? எதில் காசு போடணும், எதில் மிச்சம் பிடிக்கலாம்?
– வாசகர், பெருந்துறை

தாராளமாகச் செய்யலாம் தம்பி. மேசைக்கு அடியில் ரூட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சுழன்று வெட்டுகிற அலகான பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்க, மரத்தை அதில் தள்ளி வெட்டுவதுதான் விஷயம். ரூட்டரைத் தாங்குகிற பிளேட், சுவிட்ச், இந்த இரண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றதெல்லாம் பிளைவுட்தான்.

முதலில் மேற்பலகை. 3 அடிக்கு 2 அடி போதும். 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு துண்டு அறுத்து ஒன்றோடொன்று ஒட்டுங்க, 36 மி.மீ. கனம் கிடைக்கும். எந்த பிளைவுட்டும் கொஞ்சம் வளைந்துதான் வரும். இரண்டு துண்டின் வளைவும் எதிரெதிராக இருக்கும்படி வைத்து ஒட்டினால் ஒன்றை ஒன்று நேராக்கிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்கினால் மழைக்காலத்தில் கவலை இல்லை. ஒரு 8க்கு 4 ஷீட்டில் மேற்பலகை இரண்டும், கீழே பெட்டிக்கு இரண்டு பக்கப் பலகையும் வந்துவிடும்.

அப்புறம் மைக்கா. மேலே மட்டும் ஒட்டிவிட்டு, "கீழே யார் பார்க்கப்போறாங்க" என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் பலகை கோணும். ஒரு முகம் மூடியிருக்க, இன்னொரு முகம் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக் குடித்து விரியும். மேலே என்ன மைக்காவோ அதே மைக்காவைக் கீழேயும் ஒட்டுங்க.

தட்டை என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால், நேரான அலுமினியக் குழாயைக் குறுக்கே வைத்து, அடியில் ஜெராக்ஸ் பேப்பரை நுழைத்துப் பாருங்க. ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. இரண்டு தாள் நுழைந்தால் பரவாயில்லை. நாலைந்து நுழைந்தால், அதிலும் பிட் வெளியே வருகிற வாய்ப் பக்கம் நுழைந்தால், திரும்ப வேலை இருக்கிறது. (வார்ப்பிரும்பு ஆறினால் அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சுருங்கும், அதற்குத் தகுந்த மாதிரி மரத்தைப் பெரிதாக்கு என்று கற்றுக்கொண்ட கை இது. தாள் கணக்குப் பார்ப்பதெல்லாம் எனக்கு மிகையாகத் தோன்றாது.)

வாய்ப் பக்கத்தை ஏன் அவ்வளவு சொல்கிறேன்? ஐந்தாறு கிலோ ரூட்டர் ராப்பகலாகத் தொங்குகிற இடம் அது. பிளேட் நடுவில் அரை மி.மீ. தொய்ந்தால் பிட்டும் கூடவே இறங்கிவிடும். நீளமான சட்டம் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் போல நின்றுவிடும், காடி ஆழம் குறையும். சின்னத் துண்டு பள்ளத்துக்குள் இறங்கும், அதில் ஆழம் சரியாக வரும். ஒரே டிராயருக்கு வெட்டிய முன்பலகையும் பக்கப்பலகையும் ஒட்டாமல் போகும். ரூட்டரைத் திட்டுவோம், பிட்டை மாற்றுவோம், காரணம் பிளேட்டாக இருக்கும்.

அதனால் பிளேட்டுக்கு அக்ரிலிக் வேண்டாம். கண்ணாடி மாதிரி அழகாக இருக்கும், மாசக்கணக்கில் எடை தாங்கினால் தொய்யும். அலுமினியம் என்றால் 8 மி.மீ., ஹைலம் ஷீட் (பிசினில் இறுக்கிய கெட்டித் தகடு) என்றால் 12 மி.மீ. எடுங்க. 12 அங்குலத்துக்கு 9 அங்குலம் அளவு சரியாக இருக்கும். மில்லிங் பட்டறையில் கொடுத்தால் ஓரத்தை மூலைமட்டத்துக்கு வெட்டித் தருவார்கள். ரூட்டரின் அடியில் இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அதையே மாதிரியாக வைத்து ஓட்டைகளைக் குறித்துக்கொள்ளலாம். திருகுத் தலை பிளேட்டுக்குள் முழுக்க அமுங்கணும். மயிரிழை தூக்கி நின்றாலும் மரம் அங்கே தட்டி நிற்கும்.

பிளேட் உட்காரும் பள்ளத்தை அளந்து வெட்டாதீங்க. பிளேட்டை இடத்தில் வைத்து, சுற்றி நாலு பக்கமும் நேரான ரீப்பர்களை ஒட்டி அணைத்து, இருபக்க டேப்பால் மேற்பலகையில் பிடிக்க வையுங்க. பிளேட்டை எடுத்துவிட்டு, மேலே பேரிங் உள்ள பிட்டை அந்த ரீப்பர்களில் உரச விட்டு ஓட்டினால் பள்ளம் பிளேட்டின் அச்சாகவே வரும். ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகவேண்டாம். 12 மி.மீ. பிட் என்றால் மூலையில் 6 மி.மீ. வளைவு நிற்கும், பிளேட்டின் மூலையையும் அதே வளைவுக்கு அரம் போட்டுக்கொள்ளுங்க. கடைசியில் சுற்றி அரை அங்குலம் படி விட்டு, உள்பக்கத்தை ஜிக்ஸா ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடலாம். பள்ளம் பிளேட்டை விட ஒரு மி.மீ. ஆழமாக இருந்தால் நல்லது. நாலு மூலையிலும் சின்ன திருகு வைத்து, கீழிருந்து பிளேட்டைத் தூக்கி மட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

ரூட்டரை ஏற்றி இறக்கக் கடையில் விற்கிற லிஃப்ட் வேண்டியதில்லை. மாருதிக்குக் கொடுக்கிற கத்தரி ஜாக்கியைப் பெட்டிக்குள் ரூட்டருக்கு அடியில் வைத்து, கைப்பிடியைச் சுற்றினால் ரூட்டர் பூப்போல ஏறும். ஏற்றியதும் ரூட்டரின் பூட்டைப் போட மறக்கக்கூடாது, அதிர்வில் ஜாக்கி இறங்கும்.

ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுகிற நேர்ச்சுவர், கடையில் வாங்கத் தேவையில்லை. 3 அடி நீளத்துக்கு பிளைவுட்டை எல் வடிவில் சேர்த்து, பின்னால் முக்கோணத் தாங்கு வைத்தால் போதும். பிட் இருக்கும் இடத்தில் அரைவட்டமாக வெட்டி, பின்பக்கம் வாக்குவம் கிளீனர் குழாய் பொருத்த ஒரு பி.வி.சி. எல்போ. மேசை ஓரத்துக்கு ஃபென்ஸ் இணையாக இருக்கணும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிட் வட்டமானது தம்பி, அதற்கு எது இணை? ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் உள்ள தூரம் ஒன்றுதான் கணக்கு. ஒரு முனையை போல்ட்டில் பூட்டுங்க, மறுமுனையை மட்டும் நகர்த்தி கிளாம்ப் போடுங்க. பிட் நடுவில் இருப்பதால், முனை ஒரு மி.மீ. நகர்ந்தால் பிட்டில் அரை மி.மீ.தான் மாறும். நுணுக்கமாக நகர்த்த இதைவிட மலிவான வழி இல்லை. முனை வெட்டுகிற வழிகாட்டி ஓடுவதற்கு மேற்பலகையில் நீளக் காடி வெட்டி டிராக் பதிக்கிற பழக்கமும் எனக்குப் பிடிக்காது. கனத்தில் பாதியை அறுத்துவிட்டு அப்புறம் பலகை வளைகிறது என்று எழுதுவார்கள். சட்டத்தின் முனையை வெட்ட வேண்டுமா, மூலைமட்டத்துக்கு அறுத்த பிளைவுட் கட்டையை ஃபென்ஸ் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்க.

சுவிட்ச். நம்ம ஊரில் கரண்ட் போகும், வரும். போனபோது ரூட்டரை அணைக்காமல் டீ குடிக்கப் போய், திரும்பி வந்து பிட்டைக் கழற்றக் கை வைத்த நேரத்தில் கரண்ட் வந்தால்? எலக்ட்ரிக்கல் கடையில் சிங்கிள் பேஸ் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற பொத்தான் பெட்டி), 230 வோல்ட் காயில் என்று கேட்டு வாங்குங்க. கெபாசிட்டர் வைத்த போர்வெல் பேனலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அது வேண்டாம். ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் காயில் விட்டுவிடும், பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். 1600 வாட் என்றால் 7 ஆம்பியர் வரும், அதனால் 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் வேணும். ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்க. சிவப்புப் பொத்தான் முழங்காலால் தட்டுகிற உயரத்தில் இருக்கட்டும், இரண்டு கையும் மரத்தில் இருக்கிற நேரத்தில்தான் அது தேவைப்படும்.

வாசல் கதவுப் பலகைக்கு ஓரம் சரிக்க 75 மி.மீ. பிட் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். என் ரூட்டர் நிமிடத்துக்கு 22,000 சுற்று, வேகம் குறைக்க வசதி இல்லை. மின்விசிறி ரெகுலேட்டர் வைத்துக் குறைக்கலாமா?
– வாசகர், திருச்சி

கூடாது. 75 மி.மீ. பிட் 22,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 310 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த அளவு பிட்டுக்கு 12,000க்குள்தான் ஓட்டணும். மின்விசிறி ரெகுலேட்டர் நூறு வாட் சங்கதி, ரூட்டரைக் கொடுத்தால் புகைந்துவிடும். வேகம் மாற்றும் வசதியும் பிட்டின் தண்டைப் பிடிக்கிற 12 மி.மீ. காலெட்டும் உள்ள ரூட்டர் வாங்கும்வரை அந்த பிட் டப்பாவிலேயே இருக்கட்டும். அதுவரை கதவுப் பலகைக்கு இழைப்புளி இருக்கிறது. நம்ம ஊர்க் கதவெல்லாம் அதில் வந்ததுதானே.

தேக்குச் சட்டத்தின் ஓரம் வெட்டும்போது பழுப்பாகக் கருகுகிறது. தேய்த்தாலும் போக மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
– வாசகி, நாகர்கோவில்

பிட் மழுங்கியிருக்கும் அம்மா, இல்லையென்றால் பிசின் படிந்திருக்கும். தேக்கில் மணல்சத்து உண்டு, சாதா ஸ்டீல் பிட்டை சீக்கிரம் தின்றுவிடும். கார்பைடு முனை பிட் வாங்குங்க. பழைய பிட்டின் பேரிங்கைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பிசினைத் துடையுங்க. இரண்டாவது, தள்ளும்போது நடுவில் நிற்காதீங்க, பிடியை மாற்றுகிற அந்த ஒரு வினாடியில்தான் கருகுகிறது. மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுக்காமல், கடைசியில் அரை மி.மீ. மட்டும் விட்டு வைத்து, அதை ஒரே மூச்சில் ஓட்டி எடுங்க. கருகலையும் அதுவே சேர்த்துக்கொண்டு போய்விடும்.

இழைப்பு மிஷின் இல்லாமல் பலகை ஓரத்தை ரூட்டர் டேபிளில் நேராக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், காரைக்குடி

உண்மை. ஃபென்ஸின் இடப்பக்க முகத்தில் மட்டும் ஒரு மி.மீ. மைக்காத் துண்டை ஒட்டுங்க. நேர் பிட்டின் வெட்டு முனை அந்த மைக்காவின் முகத்தோடு ஒரே கோட்டில் இருக்கிற மாதிரி ஃபென்ஸை நிறுத்துங்க. வலப்பக்கமிருந்து வருகிற ஓரத்தில் ஒரு மி.மீ. சீவப்படும், சீவிய ஓரம் மைக்காவின் மேல் ஏறித் தாங்கும். கடைசி முனையில் படி விழுந்தால் இடப்பக்க முகம் பின்னால் இருக்கிறது, இன்னும் ஒரு பேப்பர் வைத்துப் பாருங்க. பலகை இடப்பக்க முகத்தில் முட்டி நின்றால் ஒரு பேப்பர் எடுங்க.

எந்தப் பக்கம் தள்ளணும் என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

மேசையில் ரூட்டர் தலைகீழாக இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். ஃபென்ஸ் உங்களுக்கு எதிரில், மரம் உங்கள் பக்கம், வலமிருந்து இடம் தள்ளுங்க. பிட் மரத்தை எதிர்க்கும், கூடவே ஃபென்ஸை நோக்கி அழுத்தும். மாற்றித் தள்ளினால் மரத்தைக் கையிலிருந்து பிடுங்கி எறியும். அதைவிட மோசம், பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மரத்தை விடுவது. அதை ஒருநாளும் செய்யாதீங்க. கையுறை வேண்டாம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறும் தோள் துண்டும் அந்த நேரத்துக்குக் கழற்றி வைக்க வேண்டியதுதான். ஒரு அடிக்குக் குறைவான துண்டு என்றால் விரலால் தள்ளாமல் கட்டையால் தள்ளுங்க.