தன் நகரைக் காக்கப் போராடி ஒரு நாட்டுக்கே வீராங்கனையான பெண்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

என் பதில், ஸ்பெயினின் அகுஸ்தினா. அவர் காத்த சரகோசா அவருடைய சொந்த ஊர்கூட இல்லை. பிறந்தது பார்சிலோனாவில், 1786-ல். பீரங்கிப் படை வீரர் ஒருவரை மணந்தவர்.

1808-ல் நெப்போலியனின் படை சரகோசாவை முற்றுகையிட்டது. ஊருக்குள் முறையான ராணுவம் சொற்பம். தளபதி பலாஃபோக்ஸ் பெரும்பாலும் உழவர்களையும் கைத்தொழிலாளர்களையும் வைத்துத்தான் சமாளித்தார். பெண்கள் வீரர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோவார்கள். அகுஸ்தினாவும் அப்படித்தான் போர்ட்டிலோ என்ற நகர வாசலுக்குப் போனார். அங்கே பீரங்கியை இயக்கியவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செத்து விழ, மிச்சமிருந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கியில் ஈட்டி மாட்டிக்கொண்டு வாசலை நெருங்குகிறார்கள். குண்டு நிரப்பிய பீரங்கி சும்மா நிற்கிறது. விழுந்துகிடந்த வீரரின் எரியும் திரியை எடுத்து அகுஸ்தினா வைத்த வெடியில் முன்வரிசை சிதறியது. ஓடியவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள், வாசல் தப்பியது.

விழுந்துகிடந்த அந்த வீரர் அகுஸ்தினாவின் காதலர் என்று பின்னாளில் கதை கட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஏற்கெனவே கணவரும் மகனும் உள்ள பெண் அவர். ஒரு பெண் துணிந்தால் அதற்குக் காதல்தான் காரணமாக இருக்க வேண்டுமா என்ன?

ஓவியர் கோயா அந்த ஆண்டே சரகோசாவுக்கு வந்து அழிவுகளைப் பார்த்தார். போரின் கொடுமைகளைப் பற்றிய அவருடைய செதுக்கோவிய வரிசையில் ஏழாவது படம் இந்தக் காட்சிதான். பிணக்குவியலின் மேல் ஏறி நின்று ஒரு பெண் பீரங்கிக்குத் திரி வைக்கிறாள். நமக்குத் தெரிவது முதுகு மட்டும், முகமே இல்லை. கீழே கோயா எழுதியது இரண்டே சொற்கள்: 'என்ன துணிச்சல்!' எத்தனையோ ஓவியர்கள் அவரை அழகியாக வரைந்திருக்கிறார்கள். எனக்கு இந்த முகமில்லாத படம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது.

ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை முற்றுகையைக் கைவிட்டுப் போனது. பெரும்பாலும் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் டிசம்பரில் இன்னும் பெரிய படையோடு திரும்பி வந்தார்கள். வீடு வீடாக, சுவர் சுவராகச் சண்டை. கூடவே டைஃபஸ் காய்ச்சல். 50,000 பேருக்கு மேல் மாண்டார்கள், பெரும்பாலோர் நோயில். 1809 பிப்ரவரி 20-ல் ஊர் சரணடைந்தது. காய்ச்சலில் கிடந்த அகுஸ்தினா மகனோடு கைதியானார். கைதிகளை நடத்திக் கூட்டிப்போன வழியில் குழந்தை இறந்துபோனது. அப்புறம் அவர் தப்பித்து, தொர்தோசா என்ற இன்னொரு ஸ்பானிய ஊரின் முற்றுகையில் மறுபடியும் பீரங்கியருகே நின்றார். அந்த ஒரு வெடியைவிட, பிள்ளையைப் பறிகொடுத்தபின் மீண்டும் போருக்குப் போனதுதான் என்னை உலுக்குகிறது. பிற்பாடு அதிகாரிப் பதவி, பதக்கங்கள், ஓய்வூதியம் எல்லாம் வந்தன. 1857-ல் வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸ்பானிய நகரான சியூட்டாவில் இறந்தார்.

சரகோசாவில் இவர் மட்டும் இல்லை. சான் ஹோசே மடத்தில் போராடிக் காயம்பட்ட மானுவேலா சாஞ்சோ, ஈட்டி ஏந்திய காஸ்தா ஆல்வாரெஸ் ஆகியோரும் உண்டு. மரியா ராஃபோல்ஸ் என்ற கன்னியாஸ்திரி நோயாளிகள் பசியால் சாவதைப் பொறுக்காமல், சுடும் எல்லையைக் கடந்து பிரெஞ்சு மார்ஷல் லானிடமே போய் உதவி கேட்டார். அகுஸ்தினாவைப் பற்றிப் படிப்பவர்கள் இவர்களையும் கட்டாயம் தேடிப் படியுங்கள்.