நிலவுக்குப் போகும் ரொக்கெட் மிக மெதுவாகத்தானே எழுகிறது, அதில் பிரமிக்க என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர், அமெரிக்கா மனிதரை நிலவுக்கு அனுப்பிய அப்பல்லோ காலத்துக் காணொளிகளைப் பார்த்ததாகவும், அவர்களைச் சுமந்த சாட்டர்ன் 5 ரொக்கெட் தளத்தை விட்டு எழுவது ஒரு மின்தூக்கி மேலே போவதைவிட மெதுவாகத் தெரிந்ததாகவும், அப்படியிருக்க நேரில் கண்டவர்கள் கண்கலங்கினார்கள் என்று சொல்லப்படுவது விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நான் எந்த நிலவு ரொக்கெட்டையும் நேரில் பார்த்தவன் அல்லன். ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன்களின் நிறையைப் பதிந்து வருகிறேன். பாரமான பொருளொன்று அசையத் தொடங்கும் முதற்கணத்தை நாள்தோறும் பார்க்கிறவன் என்ற வகையில், அந்த மெதுவான எழுச்சியில்தான் பிரமிப்பு முழுவதும் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். இணையத்தில் அதிகம் பகிரப்படும் அப்பல்லோ 11 காணொளி, ஏவுதளத்தில் எஞ்சின்களுக்கு மிக அருகே பொருத்தப்பட்டிருந்த கமெராவினால், செக்கனுக்கு 500 படங்கள் என்ற கணக்கில், பொறியியலாளர்களின் ஆய்வுக்காகப் பிடிக்கப்பட்டது. அரை நிமிடத்தில் நடந்து முடிந்தது அதில் எட்டு நிமிடமாக நீள்கிறது. ஆனால் உண்மையான வேகத்தில் பார்த்தாலும் அது மெதுவாகவே எழுந்தது; அருகில் நின்ற கோபுரத்தைக் கடந்து மேலேறவே அதற்குப் பத்துச் செக்கன்களுக்கு மேல் பிடித்தது.

காரணம் அதன் நிறை. சாட்டர்ன் 5 ஏறத்தாழ 110 மீற்றர் உயரமானது. நமது தாமரைக் கோபுரத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உயரத்தை மட்டும் கேட்டால் கொழும்பில் இருப்பவருக்கு வியப்பு வராது, அதைவிட உயரமான கட்டடங்கள் இங்கே பல உண்டு. எரிபொருள் நிரப்பிய நிலையில் அதன் நிறை 2,900 தொன்னுக்கு மேல் என்பதுதான் என்னை நிறுத்தி வைக்கும் எண். இருபதடிக் கொள்கலன் ஒன்று சரக்கோடு சேர்த்து அதிகபட்சமாக 30 தொன் வரை இருக்கலாம். அப்படி நிறைந்த கொள்கலன்கள் நூற்றை ஒன்றாகக் கட்டி, நிலத்திலிருந்து நேர்செங்குத்தாக மேலே தூக்குவதை நினைத்துப் பாருங்கள். எங்கள் துறைமுகத்தின் மிகப் பெரிய பாரந்தூக்கிகூட ஒருமுறைக்கு ஒன்றையோ இரண்டையோதான் தூக்கும், அதுவும் தரையில் ஊன்றி நிற்கும் கால்களின் பலத்தில். ரொக்கெட்டுக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதன் ஐந்து எஞ்சின்களும் சேர்ந்து கொடுத்த உந்துவிசை ஏறத்தாழ 3,400 தொன். ஆகவே தன் நிறையைத் தாங்கியது போக, மேலே போவதற்கென்று எஞ்சியது 500 தொன் அளவே. மெதுவாகத்தான் எழும்.

பெரிய கொள்கலன் கப்பல் ஒன்று இறங்குதுறையை விட்டு விலகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இழுவைப் படகுகள் முழு வலுவில் உறுமிக்கொண்டிருக்கும், ஆனால் கப்பல் அசைவதாகவே தெரியாது. பிறகு சுவருக்கும் கப்பலின் வயிற்றுக்கும் இடையே ஒரு சாண் அகலத்துக்கு நீர் கறுப்பாகத் தெரியும். அந்த ஒரு சாண் நீரைப் பார்க்கும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், எனக்கு உடல் சிலிர்க்கும். பாரத்தின் அளவை நமக்குக் காட்டிக் கொடுப்பது அந்தத் தயக்கமே.

சாட்டர்ன் 5 ஐ உருவாக்கியவர்களும் அந்த முதற் சாணைக் குறித்துக் கவலைப்பட்டிருக்கிறார்கள். எஞ்சின்கள், புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒன்பது செக்கன்கள் முன்னரே பற்றவைக்கப்பட்டன. உந்துவிசை முழு அளவுக்கு வரும் வரை நான்கு பெரிய இரும்புக் கரங்கள் ரொக்கெட்டைத் தளத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தன. அவை விட்ட பிறகும் ரொக்கெட்டைத் திடீரென்று போகவிடவில்லை. கூம்பு வடிவ உலோக ஆணிகள் சில, தம்மைவிடச் சற்றுச் சிறிய துளைகளின் வழியே இழுபட்டு உருக்குலைந்தபடி, முதல் அரையடி உயரத்துக்கு அதைத் தடுத்துத் தடுத்தே விடுவித்தன. துறைமுகத்தில் வடத்தை ஒரேயடியாக அவிழ்க்காமல் தூணில் சுற்றி நழுவவிடுவோமே, அதே அறிவுதான். அவ்வேளையில் ரொக்கெட்டின் வெளிப்பக்கத்திலிருந்து வெண்ணிறத் தகடுகள் உதிர்வதைக் காணொளியில் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருந்த திரவ ஒட்சிசனின் வெப்பநிலை மறை 183 பாகை செல்சியஸ். குளிர்ந்த சோடாப் போத்தல் நம் மேசையில் வியர்ப்பதுபோல, புளோரிடாவின் ஈரக்காற்று தாங்கியின் மேல் படிந்து பனிக்கட்டியாக உறைந்து, அதிர்வில் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

அடுத்து, அது எதைக் குடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். ரொக்கெட்டைத் தளத்திலிருந்து எழுப்பும் அடிப்பகுதியான முதற்கட்டத்தின் எரிபொருள் நன்கு சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெய். 2022 ஆம் ஆண்டில் இந்த நகரத்தில் ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய்க்காக விடியற்காலையிலேயே கலனைக் கொண்டுபோய் வரிசையில் வைத்த எவருக்கும் அதன் மதிப்பை நான் சொல்லத் தேவையில்லை. நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். சாட்டர்ன் 5 இன் முதற்கட்டத்தில் 770,000 லீற்றர் மண்ணெண்ணெய் இருந்தது. 33,000 லீற்றர் கொள்ளும் பெரிய பவுசர்களில் நிரப்பினால் இருபத்துமூன்று பவுசர்களுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அதை அந்த எஞ்சின்கள் இரண்டரை நிமிடத்துக்குச் சற்றே கூடிய நேரத்தில், ஏறத்தாழ ஏழு செக்கனுக்கு ஒரு பவுசர் என்ற வேகத்தில், எரித்துத் தீர்த்தன. ஒட்சிசனையும் சேர்த்தால் ஒவ்வொரு செக்கனுக்கும் பதின்மூன்று தொன் பொருள் நெருப்பாக வெளியேறியது. இந்த அளவுக்கு எரிபொருளைத் தள்ளுவதற்கென்றே ஒவ்வொரு எஞ்சினிலும் 55,000 குதிரைவலுக் கொண்ட பம்பி ஒன்று இருந்தது.

இவ்வளவு நெருப்பை ஒரு கலத்துக்குள் அடக்குவது எளிதாக இருக்கவில்லை. எஃப்-1 என்ற அந்த எஞ்சினை உருவாக்கிய காலத்தில், உள்ளே எரியும் தீ தானாகவே அலைபாயத் தொடங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் எஞ்சினையே சிதைத்துவிடும். 1962 ஜூனில் ஒரு சோதனை எஞ்சின் அப்படித்தான் அழிந்தது. பொறியியலாளர்கள் கையாண்ட வழி எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி. எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள்ளேயே சிறு வெடிகளை வைத்து வெடிக்கச் செய்து, வேண்டுமென்றே தீயைக் குழப்பி, அது எவ்வளவு விரைவில் தானாக அமைதியடைகிறது என்று அளந்தார்கள். எரிபொருள் பீய்ச்சும் தட்டில் தடுப்புகளை மாற்றி மாற்றி அமைத்து, பத்தில் ஒரு செக்கனுக்குள் தீ அடங்கும் நிலைக்குக் கொண்டுவரும் வரை அவர்கள் விடவில்லை. 1967 முதல் 1973 வரை பதின்மூன்று சாட்டர்ன் 5 ரொக்கெட்டுகள் புறப்பட்டன. ஒன்றேனும் ஏவுதளத்தில் வெடிக்கவில்லை. சோவியத் நாட்டின் என்1 ரொக்கெட் முப்பது எஞ்சின்களோடு இதைவிடக் கூடிய உந்துவிசை கொண்டிருந்தது. அப்பல்லோ 11 புறப்படுவதற்கு இரு வாரங்கள் முன்னர், 1969 ஜூலை 3 ஆம் திகதி, அது சற்றே எழுந்து தன் தளத்தின் மீதே திரும்ப விழுந்து வெடித்தது. நான்கு முறை ஏவப்பட்டு நான்கிலும் தோற்றது. அந்த மெதுவான பத்துச் செக்கன்களில் பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு இப்படியும் ஒரு காரணம் இருந்தது.

இனி ஒலி. உங்கள் கைபேசி உங்களை ஏமாற்றுவது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் புகையிரதப் பாதைக்கு அருகில். இரவில் எரிபொருள் ஏற்றிய தொடர் போகும்போது காதில் சத்தம் விழுவதற்கு முன்னரே கட்டிலின் கால் வழியாக அது முதுகுக்கு வந்துவிடும். அலமாரிக் கண்ணாடி பிறகுதான் கிணுகிணுக்கும். ரொக்கெட்டின் பேரொலியில் பெரும்பங்கு இப்படியான மிகத் தாழ்ந்த அதிர்வு, மனிதக் காதின் கீழெல்லையை ஒட்டியது. அதைக் காதைவிட நெஞ்செலும்பே அதிகம் உணரும். நகத்தளவு ஒலிபெருக்கியால் அந்த அதிர்வை எழுப்பவே முடியாது. மேலே மிதக்கும் சடசடப்பு மட்டும் நமக்கு வந்து சேர்கிறது.

1967 நவம்பர் 9 ஆம் திகதி முதலாவது சாட்டர்ன் 5 புறப்பட்டபோது, ஊடகவியலாளர்கள் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தார்கள். அந்தத் தூரத்தை ஒலி கடக்கப் பதினைந்து செக்கன்கள் எடுக்கும். எஞ்சின்கள் ஒன்பது செக்கன்கள் முன்னரே பற்றிக்கொண்டதைக் கழித்தால், ரொக்கெட் எழுந்த முதல் ஐந்தாறு செக்கன்களும் அவர்களுக்கு முழு அமைதியாகவே கழிந்திருக்கும். சூரியனைப்போல ஒரு ஒளி, அதன் மேல் மிதப்பதுபோல ஒரு வெண்தூண், எந்தச் சத்தமும் இல்லை. பிறகு, மின்னலைத் தொடர்ந்து இடி வருவதுபோல, எல்லாம் வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிச் செய்தியாளர் வோல்டர் குரோன்கைட் இருந்த கூடம் குலுங்கி, கூரைத் துண்டுகள் விழ, அவரும் உடனிருந்தவரும் பெரிய கண்ணாடிச் சாளரத்தைக் கைகளால் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஒலி கொங்கிரீட்டையே உருக்கியது என்று சிலர் எழுதுவது மட்டும் சரியல்ல. தளத்தை அரிப்பது வெளியேறும் வாயுவின் வெப்பமும் வேகமும்தான். 2023 ஏப்ரல் 20 ஆம் திகதி முப்பத்துமூன்று எஞ்சின்களோடு கிளம்பிய, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ரொக்கெட், தன் தளத்தின் கொங்கிரீட்டைப் பெயர்த்துக் குழி தோண்டியது அப்படித்தான்.

இவ்வளவு பெரிதாக ஏன் இருக்க வேண்டும் என்பதும் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. 2023 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான் 3 ஐச் சுமந்து சென்ற ரொக்கெட் 640 தொன் நிறையுடையதுதான். அன்று பிற்பகல் எங்கள் அலுவலகமே கைபேசிகளைச் சுற்றிக் கூடியிருந்தது. அந்த விண்கலம் பூமியைப் பலமுறை சுற்றிச் சுற்றி உயரம் கூட்டி, நாற்பது நாட்களில் நிலவில் இறங்கியது. ஆளில்லாத நாலு தொன் கலத்துக்கு அது சிறந்த வழி. மூன்று மனிதரையும் அவர்களுக்கு வேண்டிய காற்று, நீர், திரும்பிவரும் எரிபொருள் எல்லாவற்றையும் சில நாட்களுக்குள் கொண்டு சேர்க்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 45 தொன்னை நிலவை நோக்கி எறிய வேண்டும். என் கணக்கில் ஒன்றரைக் கொள்கலன். அந்த ஒன்றரைக்காகவே மற்ற அத்தனையும் எரிந்தும் கழன்று விழுந்தும் போயின. 1969 ஜூலை 24 ஆம் திகதி பசிபிக் கடலில் வந்து விழுந்தது வெறும் ஐந்து தொன்; 2,900 தொன் புறப்பட்டு ஐந்து தொன் திரும்பிய பயணத்தை, நிறை பதிகிற ஒருவன் எப்படி வியக்காமல் இருப்பான்?

அப்பல்லோ 11 புறப்பட்டபோது இங்கே நேரம் மாலை ஏழு மணி இரண்டு நிமிடம். அந்நாளில் இலங்கையில் தொலைக்காட்சி இல்லை. அப்பாவுக்குப் பதினாறு வயது. கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டாரின் சிற்றலை வானொலியில் அமெரிக்க ஒலிபரப்பைச் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல ஓர் இரைச்சல் வந்ததாகவும், உடனே எல்லோரும் தெருவுக்கு ஓடி, மேகம் விலகிய இடத்தில் மேற்கே தாழ நின்ற மூன்றாம் பிறையைப் பார்த்ததாகவும் அவர் சொல்வார்.

2022 நவம்பர் 16 ஆம் திகதி நாசாவின் ஆளில்லாத நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1 புறப்பட்டபோது இங்கே நண்பகல் தாண்டிப் பதினேழு நிமிடம். 98 மீற்றர் உயரமான அந்த ரொக்கெட்டின் உந்துவிசை சாட்டர்ன் 5 ஐவிடக் கூடியது. ஏவுகோபுரத்தின் மின்தூக்கிக் கதவுகளையே அது பெயர்த்துவிட்டுப் போயிற்று. நான் அன்று விடுப்பில் வீட்டில் இருந்தேன். என் மகன் கைபேசியைத் தன் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்து, சத்தத்தை முடிந்தவரை கூட்டி வைத்தான். ரொக்கெட் எழுந்தபோது மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையில் வளைய வளையமாக அலை ஓடியது. அப்பா திரையைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, அந்த அதிர்வு ஓயும் வரை அப்படியே நின்றார்.

“அன்டைக்கு ரேடியோவில சத்தம் மட்டும்தான் மகன் வந்தது,” என்றார். பிறகு இன்னொரு தடவை முதலிலிருந்து போடச் சொன்னார்.