அண்ணன் ஏன் வரவில்லை?

கேள்வி: வடபழனியில் வலைத்தொடர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் உதவி எழுத்தாளராக இருக்கிறேன். எங்கள் சூப்பர் ஹீரோ தொடர் இரண்டு சீசன்கள் வந்துவிட்டன. அதில் நாயகனின் தங்கையாக வரும் மெக்கானிக் பெண்ணுக்கு எதிர்பாராத வரவேற்பு கிடைத்திருப்பதால், அவளை வைத்துத் தனியாக ஒரு கிளைத்தொடர் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு மாதமாகக் கதை விவாதம் நடந்தும் முதல் எபிசோடே நகரவில்லை. எங்கே சிக்கிக்கொண்டோம்?
– ஓர் உதவி எழுத்தாளர், வடபழனி.

பதில்: அவள் நாயகனின் தங்கை என்று எழுதியிருக்கிறீர்கள், ரசிகர்களுக்குப் பிடித்தவள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. துணைப்பாத்திரம் பலருக்கும் பிடித்துப்போவதற்கு அதன் அளவே பெரும்பாலும் காரணம். எபிசோடுக்கு ஐந்து நிமிடம் வந்து அண்ணனைக் கேலி செய்துவிட்டுப் போகிறவள், நாற்பது நிமிடமும் திரையில் இருக்க நேர்ந்தால் யாரைக் கேலி செய்வாள்?

கிளைத்தொடர் என்றதும் அமெரிக்கத் தொடர்களை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளாகச் சிறிதளவே வந்துபோகும் மணிமேகலைக்குத் தனிக்காப்பியம் கிடைத்தது. வேற்றுரு எடுக்கவும், வானில் பறக்கவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்கள் வேறு கிடைத்தன. ஆனால் அந்தக் கதையை நடத்திச் செல்வது மந்திரங்கள் அல்ல, அமுதசுரபி. ஊரின் பசியைத் தீர்ப்பதே அவள் கவலை; அது கோவலன், கண்ணகி கதைக்குள் அடங்கக்கூடிய கவலையே அல்ல. கண்ணகியை முழுவதுமாக மறந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. மொத்தம் 30 காதைகளில் 26ஆவதில், வஞ்சி மாநகரில், கண்ணகியின் படிமம் மணிமேகலையோடு பேசுகிறது. (மனப்பாடப் பகுதிக்காக மட்டும் இந்தக் காப்பியத்தைத் திறந்தவர்கள் அந்த இடம்வரை போயிருக்க வழியில்லை.) தாய்க்கதையின் நாயகியை அவ்வளவு தாமதமாகவும் அவ்வளவு சிக்கனமாகவும் அழைக்கும் துணிவு உங்கள் தயாரிப்பாளருக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், முதல் எபிசோடிலேயே அண்ணன் வந்து நிற்க வேண்டும் என்றுதான் அவர் சொல்வார்.

அங்கிருந்துதான் சூப்பர் ஹீரோ கதைக்கே உரிய தொல்லை தொடங்குகிறது. குடும்பத் தொடரின் கிளையில் இந்தக் கேள்வி எழாது. இங்கே, தங்கை வில்லனிடம் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், பேருந்தைத் தூக்கும் அண்ணன் ஏன் வரவில்லை என்று பார்வையாளர் கேட்பார். 'சூப்பர்கேர்ள்' தொடர் 2015இல் தொடங்கியபோது இதே சங்கடத்தால் முதல் சீசனில் நாயகியின் உறவினரான சூப்பர்மேனின் முகத்தைக் காட்டாமலே சமாளித்தார்கள். இரண்டாவது சீசனில்தான் அவருக்கு ஒரு நடிகர் வந்தார். அண்ணனை வெளியூருக்கு அனுப்புவதும் மயக்கத்தில் கிடத்துவதும் இரண்டு எபிசோடுகளுக்குத்தான் தாங்கும். அவனுடைய பலத்தால் தீர்க்கவே முடியாத ஒரு பிரச்சினையைத் தங்கைக்குக் கொடுப்பதே நிரந்தர வழி என்பது என் எண்ணம்.

உறவையே அறுத்த உதாரணமும் உண்டு. 'தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' தொடரில் 1975இல் நாயகனின் காதலியாக வந்து இறந்துபோன ஜேமி சோமர்ஸை, ரசிகர்கள் வற்புறுத்தியதால் உயிர்ப்பித்து, 1976 ஜனவரியில் 'தி பயோனிக் வுமன்' என்ற தனித்தொடரே கொடுத்தார்கள். உயிர் திரும்பியவளுக்குக் காதல் நினைவு திரும்பவில்லை. கேட்பதற்கு மலிவான உத்தியாகத் தோன்றினாலும், அந்த ஒரே மறதி அவளை நாயகனின் நிழலிலிருந்து விடுவித்தது. பின்னர் அவளுடைய தொடர் மட்டும் ஏ.பி.சி.யிலிருந்து என்.பி.சி.க்கு மாறியபோது, இரண்டு தொடர்களிலும் ஆஸ்கர் கோல்ட்மேன் என்ற அதிகாரியாக நடித்த ரிச்சர்ட் ஆண்டர்சன், ஒரே பாத்திரத்தில் இரண்டு போட்டிச் சேனல்களிலும் தோன்றினார். உங்கள் தொடரில் பாத்திரங்களின் உரிமை யாரிடம் இருக்கிறது, அண்ணனாக நடிப்பவரின் கால்ஷீட் எத்தனை நாள் கிடைக்கும் என்பதை வசனம் எழுதத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: புதிய தொடருக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை தங்கையைத் தாய்த்தொடரிலிருந்து அனுப்பிவிடாதீர்கள். 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' தொடரில் பாபி, ஹன்ட்டர் என்ற இரண்டு பாத்திரங்களுக்குக் கண்ணீரோடு விடைகொடுத்து அனுப்பினார்கள். அவர்களுக்காக எடுத்த 'மோஸ்ட் வான்டட்' தொடரின் பைலட்டை, அதாவது சேனலின் ஒப்புதலுக்காக எடுக்கும் மாதிரி எபிசோடை, 2016 மே மாதத்தில் சேனல் நிராகரித்துவிட்டது. அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் இருவரும் போனார்கள்.

கேள்வி: கிளைத்தொடரின் முன்னோட்டத்தைத் தாய்த்தொடரின் ஓர் எபிசோடாகவே எடுத்துவிடுகிறார்களே, அது சரியான வழிதானா?
– ஒரு வாசகி, பெரம்பூர்.

பதில்: செலவு குறையும், அரங்கும் நடிகர்களும் தயாராக இருப்பார்கள் என்பதால் சேனல்களுக்கு அது பிடிக்கும். கொல்லைப்புறமாக வரும் இந்தப் பைலட்டில் பார்வையாளருக்குத்தான் நஷ்டம். தனக்குப் பிடித்த நாயகன் அந்த வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல ஓரமாக நிற்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'ஆரோ' என்ற சூப்பர் ஹீரோ தொடர் 2020 ஜனவரியில் முடியும் தறுவாயில், கடைசிக்கு முந்தைய எபிசோடை இப்படி 'கிரீன் ஆரோ அண்ட் தி கேனரீஸ்' என்ற தொடருக்காகச் செலவிட்டது. ஓராண்டு காத்திருந்தும் அந்தத் தொடர் வரவில்லை.

அதே 'ஆரோ'தான் நல்ல உதாரணமும் தருகிறது. 2013 டிசம்பரில் பாரி ஆலன் என்ற இளைஞனை, சக்தி எதுவும் இல்லாத தடயவியல் ஊழியனாக இரண்டே எபிசோடுகளில் காட்டி, அவன் மீது மின்னல் பாய்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவதாகத் திட்டமிட்டிருந்த கொல்லைப்புற பைலட்டைக் கைவிட்டுத் தனி பைலட் எடுத்தார்கள். அவனை நாயகனாக்கி 2014இல் தொடங்கிய 'தி ஃபிளாஷ்' 2023வரை ஒன்பது சீசன்கள் ஓடி, தாய்த்தொடரைவிட ஒரு சீசன் கூடுதலாகவே நின்றது.

கேள்வி: 'தி ஃபிளாஷ்' பார்ப்பதற்கு முன் 'ஆரோ' முழுவதையும் பார்த்தாக வேண்டுமா?
– ஒரு கல்லூரி மாணவர், அடையாறு.

பதில்: வேண்டாம். முதல் எபிசோடே பாரியின் கதையை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறது. ஆரோ நாயகன் ஒரு காட்சியில் வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். 2019 டிசம்பரில் தொடங்கி 2020 ஜனவரியில் முடிந்த 'க்ரைசிஸ்' கதைக்கு மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அது ஐந்து தொடர்களில் பகுதி பகுதியாக வருகிறது. வரிசை மாறினால் யார் செத்தார், யார் பிழைத்தார் என்பதே குழம்பிவிடும்.