சில்வர் ஆப்பிள்ஸ்: இரண்டு இசைத்தட்டுகளும் ஒரு வழக்கும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்னிசையின் தொடக்க காலத்தைப் பற்றி எழுதியபோது, நியூயார்க்கைச் சேர்ந்த சில்வர் ஆப்பிள்ஸ் என்ற இருவர் குழுவைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப்பிடித்துக் கேட்டேன். 1968-இல் இப்படி ஓர் ஒலி இருந்திருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. இரண்டு இசைத்தட்டுகளோடு அவர்கள் காணாமல் போனதற்கு, காலத்தை முந்திப் பிறந்துவிட்டார்கள், அன்றைய மக்களுக்கு அது புரியவில்லை என்றே பலரும் காரணம் சொல்கிறார்கள். தங்கள் கருத்தும் அதுதானா? இன்னோர் ஐயமும் உண்டு. பாடகரின் குரல் பல இடங்களில் தடுமாறுகிறது. சுரங்களும் மிகக் குறைவு. கருவியின் புதுமையைக் கழித்துவிட்டால் இதில் இசையென்று என்ன மிஞ்சும்?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு கேள்விகளில் பின்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருவியைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்கிறீர்கள். இந்தக் குழுவின் இசையைப் பொறுத்தவரை அந்தக் கழித்தல் இயலாத காரியம் என்பதே என் எண்ணம். அதைச் சொல்ல, அவர்கள் எப்படித் தொடங்கினார்கள் என்பதிலிருந்து வர வேண்டும்.

சிமியன் காக்ஸ் அடிப்படையில் ஓவியர். 1938-இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் பிறந்து, நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்து, பின்னர் நியூயார்க்குக்கு வந்தவர். 1967 வாக்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியின் கஃபே வா என்ற விடுதியில் வாசித்துவந்த ஓவர்லேண்ட் ஸ்டேஜ் எலக்ட்ரிக் பேண்ட் என்ற ராக் குழுவில் அவர் பாடகராக இருந்தார். அந்த மேடைக்கு 1940-களில் செய்யப்பட்ட ஓர் ஆடியோ ஆசிலேட்டரை அவர் கொண்டுவந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. ஆசிலேட்டர் இசைக்கருவியே அல்ல. வானொலிப் பெட்டியையும் ஒலிபெருக்கியையும் சோதித்துப் பார்ப்பதற்காகப் பட்டறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வைத்திருக்கும் சாதனம் அது. முகப்பில் உள்ள வட்டைத் திருப்பினால் ஊளையிடுவது போன்ற ஒற்றை ஒலி மேலேறும், கீழிறங்கும், அவ்வளவுதான். அதைப் பாட்டுக்கு நடுவில் சிமியன் திருப்பத் தொடங்கியதும் குழுவில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆண்டுக்கணக்கில் விரல் தேயக் கிட்டார் பழகியவனின் வாசிப்பை ஒரு பட்டறைப் பெட்டியின் ஊளை விழுங்கினால் அவன் வேறு என்னதான் செய்வான்? டிரம்ஸ் வாசித்த டானி டெய்லர் மட்டும் தங்கினார். ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் கவிதை வரி ஒன்றிலிருந்து பெயரெடுத்து, இருவருமாகச் சில்வர் ஆப்பிள்ஸ் ஆனார்கள்.

ஒன்றாக இருந்த ஆசிலேட்டர் பலவாகப் பெருகியது. முதல் இசைத்தட்டின் உறைக் குறிப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஒன்பது ஆசிலேட்டர்களும் 86 கைக்கட்டுப்பாடுகளும் கொண்டதாக அந்த அடுக்கை விவரிக்கிறது; கையாலும் காலாலும் முழங்கையாலும் அது இயக்கப்பட்டதாம். அந்தக் கருவிக்கே ‘சிமியன்’ என்று பெயர். அதில் பியானோவைப் போன்ற கட்டைகள் கிடையாது. தந்தி அலுவலகங்களில் செய்தி அனுப்பத் தட்டுவார்களே, அந்த வகை விசைகளை ஆசிலேட்டர்களோடு இணைத்திருந்தார். விசையை அழுத்தியிருக்கும் வரை அதற்குரிய ஒலி கேட்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். அடித்தள ஒலிகளைக் காலடி மிதிகள் கவனித்துக்கொண்டன. சிமியனுக்கு முறையான கீபோர்டு வாசிப்பு தெரியாது, பின்னாளிலும் அவர் அதைக் கற்கவில்லை.

நீங்கள் குறையாகச் சொன்ன சுரச் சிக்கனம் இங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வோர் ஆசிலேட்டரையும் குறிப்பிட்ட ஒரு சுரத்தில் நிறுத்திவைத்துவிட்டால், பாட்டு நடக்கும்போது கைக்குக் கிடைப்பது அந்தச் சில சுரங்கள் மட்டுமே. கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் ஓடும் பாட்டில் வட்டைத் திருப்பியாக வேண்டும், அப்போது ஒலி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டுதான் போகும். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் பழைய மின்கருவிகள் சூடேறச் சூடேறச் சுருதியும் சற்றே நகரும். ஆகவே மெட்டின் வளைவு நெளிவுகளை நம்பிப் பாட்டுக் கட்ட அவர்களால் இயலவில்லை. ஓரிரு சுரங்களைத் திரும்பத் திரும்பத் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பின்மேல் மற்றவற்றை ஏற்றினார்கள். டெய்லர் தம் டிரம்களை அந்த ஆசிலேட்டர் ஒலிகளுக்கு இசைவாகச் சுருதி கூட்டி வைத்திருந்தார். சுருதிப்பெட்டியின் ஒலிக்கு மிருதங்கத்தைச் சேர்த்துக்கொண்டு வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகிய செய்தி. ராக் மேடையில் அன்று இது அரிது. அவருடைய கை ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால், மேலே அசையாமல் நிற்கும் இயந்திர ஒலியும் நகர்வது போலத் தோன்றுகிறது. சிமியனின் குரல் தடுமாறுவது உண்மைதான். தேர்ந்த பாடகர் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் பாட்டு தேறியிருக்குமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையும் காலும் முழங்கையும் வேலையாக இருக்கும் மனிதன் பாடுகிற குரல் அது. டெய்லரின் தாளத்துக்கு அந்த மெலிவு பொருந்துகிறது.

இனி முதல் கேள்வி. காலத்தை முந்திப் பிறந்தார்கள் என்ற விளக்கம் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்த அதே 1968-இல்தான், வெண்டி கார்லோஸ் மூக் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியில் ஜெர்மானியச் செவ்வியல் இசைமேதை பாஹின் இசையை வாசித்த தொகுப்பும் வந்தது. அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, மூன்று கிராமி விருதுகளையும் பெற்றது. மின்னொலியைக் கேட்கத் தயாராக இல்லாத சமூகமா இதைச் செய்திருக்கும்? கார்லோஸ் தெரிந்த இசையைப் புதிய ஒலியில் தந்தார், இவர்களோ ஒலியோடு சேர்த்து இசையையும் புதிதாகத் தந்தார்கள் என்று நீங்கள் மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் சில்வர் ஆப்பிள்ஸின் அந்த முதல் தட்டு அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 193-ஆம் இடத்தையாவது தொட்டது. நிலவில் மனிதன் கால்பதித்ததைப் பெருந்திரையில் காண நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் மக்கள் திரண்ட இரவில் வாசித்தவர்களுள் இவர்களும் இருந்தார்கள். கேட்பாரற்ற குழு இல்லை.

அவர்களை முடித்தது வேறு. அவர்களுடைய தட்டுகளை வெளியிட்ட காப் ரெக்கார்ட்ஸ், லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடிய ‘ஹலோ டாலி’யைப் போன்ற பெருவாரி ரசனைக்கான பதிவுகளால் பெயர் பெற்ற நிறுவனம். 1969-இல் வந்த இரண்டாவது தட்டான ‘கான்டாக்ட்’டின் முன்னட்டையில் இருவரும் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் விமானமொன்றின் ஓட்டுநர் அறையில் அமர்ந்திருக்கிறார்கள், அந்தப் படத்தில் போதைப்பொருள் புழங்குவோரின் சாமான்களும் தெரிகின்றன. பின்னட்டையிலோ ஒரு விமான விபத்தின் சிதைவுகள், அவற்றுக்கு நடுவில் பாஞ்சோ என்ற தந்திக் கருவியோடு அதே இருவர். விமான நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தட்டு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. விளையாட்டுத்தனமான அட்டை என்று இன்று ரசிக்கிறார்கள். பயணிகளின் நம்பிக்கையை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனம் அன்று அதை வேறு எப்படிப் பார்த்திருக்க முடியும் என்றும் யோசிக்க வேண்டும். வழக்கும் வெளியீட்டு நிறுவனத்தின் தளர்ச்சியும் சேர்ந்துகொள்ள, மூன்றாவது தொகுப்புக்காகப் பதிவுசெய்தவை வெளிவராமலே கிடக்க, 1970-இல் குழு கலைந்தது. அதே ஆண்டில் அதே நகரில்தான் ஆலன் வேகாவும் மார்ட்டின் ரெவும் சேர்ந்து, பின்னர் ஒரு குரல் ஓர் இயந்திரம் என்ற அமைப்புக்கு வந்த சூசைட் என்ற குழுவைத் தொடங்கினார்கள்.

பிற்கதை சுருக்கமானது. 1994-இல் ஜெர்மனியில் இரண்டு தட்டுகளையும் உரிமம் இல்லாமல் குறுவட்டாக வெளியிட்டார்கள். அந்தத் திருட்டுப் பதிப்புதான் புதிய கேட்போரைச் சேர்த்தது. 1996-இல் சிமியன் வேறு துணைக் கலைஞர்களோடு மீண்டும் மேடையேறினார். 1998-இல் டெய்லரும் திரும்பக் கிடைத்தார். அவரிடம் பத்திரமாக இருந்த பழைய ஒலிநாடாக்களிலிருந்து மூன்றாவது தொகுப்பு அதே ஆண்டில் ‘தி கார்டன்’ என்று வெளிவந்தது. ஆனால் அவ்வாண்டே நிகழ்ந்த சாலை விபத்தில் சிமியனின் கழுத்தெலும்பு முறிந்தது. 2005-இல் டெய்லர் இறந்த பிறகு, அவருடைய டிரம்ஸ் பதிவுகளை ஓடவிட்டுக்கொண்டு சிமியன் தனியாகவே பல ஆண்டுகள் வாசித்தார். 2020 செப்டம்பரில், 82-ஆம் வயதில், அவரும் மறைந்தார்.

முழுத் தொகுப்புகளையும் கேட்கப் பொறுமை இல்லையென்றால், முதல் தட்டிலிருந்து ‘ஆசிலேஷன்ஸ்’, ‘புரோகிராம்’ ஆகிய இரண்டையும் கேளுங்கள். ‘புரோகிராம்’ பாட்டில், வானொலியின் முள்ளைத் திருப்பி அந்நேரம் அகப்பட்ட ஒலிபரப்புகளைப் பாட்டுக்குள் கலந்திருப்பார்கள். ‘கான்டாக்ட்’டில் ஆசிலேட்டர்களோடு பாஞ்சோ சேரும் ‘ரூபி’யையும் விட்டுவிட வேண்டாம். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டிருந்தீர்களானால், நல்ல ஹெட்போனில் இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள். சிமியன் காலால் மிதித்து எழுப்பிய அடித்தள ஒலிகள் கைப்பேசியில் பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை.

அன்புடன்.