கேபிளை நிறுத்திவிட்டு ஓடிடிக்கு மாறலாமா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். 82 வயது அம்மா மாலை ஆறரை மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணி வரை சன், விஜய் சீரியல்கள்தான். நான் செய்தி பார்ப்பேன். மகனுக்கு கிரிக்கெட். கேபிளுக்கு மாதம் 350 ரூபாய் போகிறது. ஃபைபர் இணைப்பும் இருப்பதால், "கேபிளை வெட்டிவிடலாம், எல்லாம் ஓடிடியில் வருகிறது" என்கிறான் மகன். செய்யலாமா?
(மன்னார்குடி வாசகர் ஒருவர்)

இப்போதைக்கு வெட்ட வேண்டாம். முதலில் அந்த 350 ரூபாய் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

2011-ல் அரசு கேபிளுக்கு 70 ரூபாய் கொடுத்த ஞாபகம் பலருக்கும் இருக்கும். அன்றைக்கு வந்தது மொத்தமாக ஒரு தொகை. 2019 பிப்ரவரியில் டிராயின் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புதிய கட்டண முறை வந்தபோது பில் இரண்டானது. ஒன்று, சிக்னலை வீடு வரை கொண்டுவரும் நெட்வொர்க் கட்டணம். இன்னொன்று, சேனல் நிறுவனங்கள் வைக்கும் கட்டணச் சேனல் விலை. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி. நெட்வொர்க் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது.

உங்கள் கேபிள்காரர் இன்னும் 130தான் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 350-ல் வரி மட்டும் 53 ரூபாய். மிச்சம் 297. அதில் 130 போனால், ஏறத்தாழ 167 ரூபாய் சேனல்களுக்குப் போகிறது. நீங்கள் குறைக்க முடிவது இந்த 167-ஐத்தான். பெரும்பாலும் அது கேபிள்காரர் இணைப்புக் கொடுத்தபோதே போட்டுவிட்ட ஒரு பேக், அதாவது பல சேனல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. அதில் தெலுங்கு, இந்தி, கார்ட்டூன் எல்லாம் இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தையே இல்லாவிட்டாலும் கார்ட்டூனுக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

பேக்கை எடுத்துவிட்டு சேனல்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பேக்குக்குள் வைக்கும் எந்தச் சேனலின் தனி விலையும் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது விதி. அம்மாவுக்கு வேண்டிய நான்கு சேனலை எடுத்தால், அதிகம் போனாலும் 76 ரூபாய். 130-ஐயும் வரியையும் சேர்த்தால் 243. கேபிளை வெட்டாமலே நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். ஒரே நிறுவனத்தின் நாலைந்து சேனலைப் பார்க்கிற வீடாக இருந்தால் அந்த நிறுவனத்தின் பேக்கே மலிவாக வரலாம். இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். செய்திக்கு நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை இலவசம், யூடியூபிலும் நேரலையாக ஓடுகின்றன.

அடுத்து மகனின் யோசனை. கிரிக்கெட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஸ்டார், வயாகாம்18 என்ற இரண்டு டிவி நிறுவனங்களும் 2024 நவம்பரில் ஒன்றாகிவிட்டன. 2025 பிப்ரவரியில் இரண்டின் ஆப்களும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயின. ஐபிஎல் டிவியில் வருவதும் ஆப்பில் வருவதும் இன்று ஒரே கம்பெனியிடமிருந்துதான். கேபிளில் ஸ்போர்ட்ஸ் சேனலுக்கும் ஆப்புக்கும் சேர்த்துக் கட்டினால் ஒரே மேட்சுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள். ஒன்றை விடுங்கள். மொபைல் ரீசார்ஜோடு அந்தச் சந்தா ஏற்கெனவே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அது போனில் மட்டும் ஓடும் திட்டமா, டிவியிலும் ஓடுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சீரியல் விஷயம் வேறு. கேபிளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த சேனல்கள் ஓடிடியில் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டன. சன் சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. மூன்று ஆப், மூன்று சந்தா, மூன்று புதுப்பிக்கும் தேதி. விளம்பரம் குறைந்த திட்டம் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. கூட்டிப் பார்த்தால் கேபிளை விட மலிவு என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பணத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அம்மாவின் ரிமோட். என் பெரியம்மா வீட்டில் கேபிளை எடுத்துவிட்டு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். அதுவரை சன்னுக்கு ஒரு நம்பர், விஜய்க்கு ஒரு நம்பர் என்று அவர் விரலே போய் அழுத்தும். விளம்பரம் வந்தால் அங்கே தாவி, முடிந்ததும் இங்கே திரும்பிவிடுவார். புது டிவியில் ஆப்பைத் திறந்து, யார் பார்க்கிறார்கள் என்று தேர்ந்தெடுத்து, நேரலையைத் தேடிப் பிடிப்பதற்குள் சீரியல் பாதி ஓடியிருக்கும். மறுபடி தேட வேண்டுமே என்று ஒரே சேனலிலேயே கிடந்தார். பத்து நாளில் "எனக்கு டிவியே வேண்டாம்" என்றுவிட்டார். வயதானவருக்கு மாலை நேரத் துணையாக இருப்பதை நூறு ரூபாய் மிச்சத்துக்காகக் கெடுக்காதீர்கள்.

மாதக் கட்டணமே இல்லாத, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதில் சன் டிவி கிடையாது. உங்கள் அம்மாவுக்கு அது உதவாது.

ஆக, என் யோசனை இது. கேபிளை அம்மாவுக்காக வைத்துக்கொண்டு பேக்கைக் குறையுங்கள். ஸ்போர்ட்ஸை அதிலிருந்து எடுத்துவிட்டு, மகனுக்கு ஒரே ஒரு ஆப். அதையும் ஐபிஎல் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் போட்டால் போதும். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். நிறுவனங்கள் இணைவதும், திட்டங்கள் மாறுவதும், உரிமைகள் கைமாறுவதும் ஓயவில்லை. இன்று ஒரு ஆப்பில் இருக்கும் தொடர் அடுத்த வருடமும் அங்கேயே இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேபிள்காரரிடம் பேசும்போது நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, சேனல்களுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய பில்லைக் கேளுங்கள். அப்புறம், பேக்கை மாற்றுவதை அடுத்த ரீசார்ஜ் தேதிக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய பேக்கே மறுபடி ஏறிவிட்டால் இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டிவரும்.