காலை வெயில் மட்டும் வரும் பால்கனியில் என்ன பயிரிடலாம்?

கேள்வி: மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். தோட்டம் கிடையாது, 8 அடிக்கு 4 அடி பால்கனி மட்டுமே. காலை 7 மணிக்கு விழும் வெயில் 11 மணிக்குள் போய்விடும். 8 அங்குலத் தொட்டிகளில் அடியில் சரளைக்கல் போட்டு, தோட்டத்து மண்ணை நிரப்பித் தக்காளியும் கொத்தமல்லியும் வைத்தோம். தக்காளி நான்கு அடி வளர்ந்தும் பூவெல்லாம் கொட்டிவிட்டது. கொத்தமல்லி முளைத்த ஒரு வாரத்தில் அடியோடு சாய்ந்துவிட்டது. எங்கே தவறு? இந்த இடத்தில் என்னதான் வளர்க்கலாம்?

பதில்: பயிரை முடிவு செய்துவிட்டு இடம் தேடியிருக்கிறீர்கள். தொட்டிச் செடிக்கு இது தலைகீழ் வரிசை. தண்ணீர், உரம், மண் மூன்றையும் நாம் கூட்டலாம், குறைக்கலாம். வெயிலைக் கூட்ட முடியாது. எந்தப் பயிர் என்பதை உங்கள் பால்கனியின் வெயிலே தீர்மானிக்கட்டும்.

காய்க்கும் செடிகளான தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்கு 6 முதல் 8 மணி நேர நேரடி வெயில் வேண்டும். இலைக்காக வளர்ப்பவற்றுக்கு 3 அல்லது 4 மணி நேரம் போதும். உங்களுக்கு அந்த 4 மணி நேரம் கிடைக்கிறது, அதுவும் இலைப்பயிர்களைக் கருக்காத காலை வெயில். ஆனால் பால்கனி முழுவதும் ஒரே அளவு வெயில் விழாது. மேகமில்லாத ஒரு நாளில் மணிக்கு ஒருமுறை தரையில் வெயில் விழும் எல்லையைச் சாக்பீஸால் கோடிட்டுப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கும் உள்சுவர் ஓரத்துக்கும் இரண்டு மணி நேரம்கூட வித்தியாசம் வரலாம். பருவம் மாறும்போது வெயிலின் கோணமும் மாறும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்காளி நெட்டையாக வளர்ந்தது செழிப்பினால் அல்ல, வெளிச்சத்தைத் தேடி நீண்டதால். பூ கொட்டியதற்கு வெயில் குறைவு முதல் காரணம், தொட்டி இரண்டாவது. 8 அங்குலத் தொட்டி சுமார் 4 லிட்டர்தான் கொள்ளும். தக்காளிக்குக் குறைந்தது 15 லிட்டர் தேவை. சிறிய தொட்டி வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒருமுறை வாடிய செடி முதலில் உதிர்ப்பது பூவைத்தான். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 24 டிகிரிக்குக் கீழ் இறங்காவிட்டாலும் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. காற்றோட்டமில்லாத, வலையடித்த பால்கனி என்றால் காலை 10 மணி வாக்கில் பூக்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிட வேண்டும். இத்தனையும் செய்தாலும் 4 மணி நேர வெயிலில் தக்காளி கைக்கு வருவது குறைவே. விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. காய் ஒன்று வேண்டும் என்றால், அதிக வெயில் விழும் மூலையில் 10 லிட்டர் தொட்டியில் ஒரு மிளகாய்ச் செடி வையுங்கள். நிறையக் காய்க்காவிட்டாலும் வெறுங்கையாக விடாது.

இனி மண். நிலத்தில் நன்றாக இருக்கும் மண் தொட்டியில் இறுகிவிடும். நிலத்தில் மண்புழுவும் வேர்களும் துளைத்து வைக்கும் காற்றுவழி தொட்டியில் கிடையாது. தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் படிந்து கெட்டியாகும். அடியில் சரளை போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது வேறு. நுண்ணிய மண்ணில் தங்கும் நீர், மேலே உள்ள மண் முழுக்க ஊறித் ததும்பும் வரை பெரிய கற்களின் இடைவெளிக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு சரளையின் உயரத்துக்கு மேலே ஏறி வேருக்கு அருகே வந்துவிடுகிறது. சரளையை எடுத்துவிடுங்கள். அடியில் விரல் நுழையும் அளவில் நான்கைந்து துளைகளும், அவற்றின் மேல் ஒரு துண்டு வலையும் போதும்.

கலவைக்கு அளவு: தென்னை நார்க்கழிவு 2 பங்கு, நன்கு மக்கிய உரம் 2 பங்கு, மண் 1 பங்கு. எடையால் அல்ல, கொள்ளளவால் அளக்க வேண்டும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு மூன்று முறை செய்தபின் கலக்குங்கள். உரம் மக்கியதா என்று அறிய, ஒரு கைப்பிடியை ஈரமாக்கிப் பையில் போட்டு மூன்று நாள் கட்டி வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை வந்தால் சரி. புளித்த வாடையோ மூக்கைத் துளைக்கும் நெடியோ வந்தால் இன்னும் மக்கவில்லை. மக்காத உரம் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தானே இழுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கும். தயாரான கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

மாடி என்பதால் எடையையும் கணக்கில் வையுங்கள். 20 லிட்டர் தொட்டியில் ஈர மண் மட்டும் நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். மேற்சொன்ன கலவை அதைவிட வெகுவாகக் குறையும். கனமான தொட்டிகளைச் சுவரோரமாக வையுங்கள். கைப்பிடிக்கு வெளியே எதையும் தொங்கவிட வேண்டாம்.

கொத்தமல்லி சாய்ந்தது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்து, எப்போதும் ஈரமாக வைத்தால் தண்டின் அடியைப் பூஞ்சை தின்றுவிடும். இந்த முறை 15 செ.மீ. ஆழமுள்ள அகலத் தட்டில் விதையுங்கள். ஒவ்வொரு மல்லியிலும் இரண்டு விதைகள் உண்டு. உருளையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் 3 செ.மீ. இடைவெளி விட்டுத் தூவுங்கள். முளைக்க 7 முதல் 10 நாள் ஆகும்; பொறுமையிழந்து கிளறிவிடாதீர்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றாக எடுத்து மாற்றி நட்டால் தேறாது. தண்ணீரைக் காலையில் மட்டும் விடுங்கள். கடும் வெப்பத்தில் இலை தருவதை விட்டுப் பூக்கப் போய்விடும், அப்போது எந்த உரமும் உதவாது. ஒரே தட்டில் மொத்தமும் விதைக்காமல் 12 நாளுக்கு ஒரு தட்டு என்று விதைத்து வந்தால் அறுவடை தொடர்ந்து கிடைக்கும்.

வெந்தயக்கீரை இதைவிட எளிது: 10 செ.மீ. ஆழம் போதும், மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். தண்டுக்கீரை, சிறுகீரை, பாலக்கும் இந்த வெயிலில் வரும். புதினாவுக்கு விதை தேட வேண்டாம், 10 செ.மீ. தண்டின் கீழ் இலைகளைக் கிள்ளித் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாளில் வேர்விடும். ஆனால் தனித்தொட்டி கட்டாயம். பக்கத்துச் செடியின் இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும்.

தண்ணீருக்கு நேரம் காலம் குறித்து வைப்பதைவிட விரலை நம்புங்கள். 3 செ.மீ. உள்ளே விரல் விட்டுக் காய்ந்திருந்தால், அடித்துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றுவது மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரைப் பட்டினி போடும். முழுக்கக் காய்ந்த நார்க்கலவை தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக ஓடிவிடும். அப்படியானால் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமர்த்துங்கள்.

கலவையிலுள்ள சத்து ஐந்தாறு வாரத்தில் தீர்ந்துவிடும். மாதம் ஒருமுறை மேலே 2 செ.மீ. மண்புழு உரம் பரப்பலாம். அல்லது 19:19:19 எனப்படும், தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) சம அளவில் உள்ள கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கலந்து பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். மண்மேல் வெள்ளையாகப் படிந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு வெறும் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள்.

கீரையில் அசுவினி (இலைச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) வந்தால் மருந்துக்கு ஓடாமல், இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பெரும்பாலும் அடங்கும். மிளகாயில் மாவுப்பூச்சி ஒட்டினால் வேப்பெண்ணெய் 5 மி.லி.யைச் சோப்புக் கரைசல் 2 மி.லி.யோடு முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள். சோப்பில்லாத எண்ணெய் தண்ணீரோடு சேராமல் மிதந்து, அங்கங்கே இலையைக் கருக்கும்.

அறுவடை முடிந்த கலவையைக் கொட்டிவிட வேண்டாம். பழைய வேர்களை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு புது உரம் சேர்த்தால் மறுபடி பயன்படும். தக்காளி இருந்த கலவையில் மட்டும் மிளகாயை வைக்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதற்கும் தொற்றும். அதில் கீரையை விதையுங்கள்.