‘இன்னைக்கு அரண்மனை லீவு’ என்று சொன்னால்?

கேள்வி: அப்பா, அம்மாவுடன் நானும் கணவரும் ஜனவரியில் பாங்காக் போகிறோம். போன வருடம் போய்வந்த நாத்தனாரை, அரண்மனை மூடியிருக்கிறது என்று சொல்லி ஒரு டுக் டுக்காரர் (அந்த ஊர் ஆட்டோக்காரர்) மூன்று மணி நேரம் கடை கடையாக இழுத்தடித்திருக்கிறார். என் கணவர் யாரையும் முகத்தில் அடித்தாற்போல் பேசமாட்டார். எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் நாத்தனார் மாட்டியது பாங்காக்கின் மிகப் பழைய வித்தை. கிராண்ட் பேலஸ் வழக்கமாகத் தினமும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை திறந்திருக்கும். அரச குடும்பச் சடங்கு இருந்தால் மட்டும் சில நாள் மூடுவார்கள். அதை முந்தின இரவே அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். வழியில் யார் என்ன சொன்னாலும், நா ப்ரா லான் சாலையில் இருக்கும் வாசல் வரை போய் உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஏமாற்றும் ஆள் நிற்பது அந்த வாசலில் இல்லை, அதற்கு முந்தைய மதில் ஓரத்தில். சட்டை இன் செய்த ஒருவர் நிதானமாக வந்து, “ஒரு மணி வரை பூஜை, உள்ளே விடமாட்டார்கள்” என்பார். கையோடு ஒரு மேப்பை விரித்து, பெரிய நின்ற புத்தர், ‘லக்கி புத்தா’ என்று பேனாவால் வட்டம் போடுவார். பக்கத்தில் டுக் டுக் தயாராக நிற்கும். எல்லா இடமும் சுற்ற 20 பாட் (தாய்லாந்து பணம்)தான்! அந்தக் காசு பெட்ரோலுக்கே காணாது. நகைக்கல் கடை, தையல் கடை வாசலில் உங்களை இறக்கிவிட்டாலே ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும். வாங்கினால் கமிஷன் தனி. “பத்து நிமிஷம் சும்மா பாருங்க” என்று அவர் கெஞ்சுவது அதற்காகத்தான். ‘ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்’ என்று கல்லைத் தலையில் கட்டுவதில் போய் முடியும்.

உங்கள் கணவர் கடுமையாகப் பேச வேண்டியதே இல்லை. “எந்த ஊர்? முதல் தடவையா? எத்தனை நாள்?” என்று கேட்பது உங்களை எடை போடத்தான். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் நாலாவது கேள்வியிலிருந்து தப்புவது கஷ்டம். நடையை நிறுத்தாமல், சிரித்த முகமாக “மை ஆவ் க்ரப்” (வேண்டாங்க) என்று ஒரே முறை சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதானால் “மை ஆவ் க்கா”. காரணம் எதுவும் சொல்லாதீர்கள். ‘நேரமில்லை’ என்றால் ‘அரை மணிதான்’ என்பார், ‘காசில்லை’ என்றால் விலையைக் குறைப்பார். அந்த ஊரில் குரலை உயர்த்துவது பெரிய அவமானம். சண்டை வேண்டவே வேண்டாம்.

டுக் டுக்கில் ஒரு தடவையாவது ஏறத்தான் ஆசை இருக்கும். ஏறுங்கள், ஆனால் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மட்டும். மீட்டர் கிடையாது என்பதால் ஏறும் முன்பே விலை பேச வேண்டும். வாயால் பேசினால் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் வரும். செல்போன் கால்குலேட்டரில் தொகையைத் தட்டிக் காட்டுங்கள். நாலு பேருக்கும் சேர்த்தா, ஆளுக்கா என்பதையும் அப்போதே கேளுங்கள். 20, 50, 100 நோட்டுகள் கையில் இருக்கட்டும். ஆயிரம் நோட்டை நீட்டினால் ‘சில்லறை இல்லை’ என்ற பதில்தான் வரும். மீறிக் கடை வாசலில் நிறுத்தினால் உள்ளே போகாதீர்கள். பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்து கிராப் அல்லது போல்ட் ஆப்பில் வண்டி பிடியுங்கள்.

டாக்ஸிக்கு மீட்டர் உண்டு, 35 பாட்டில் தொடங்கும். மீட்டர் போடாமல் மொத்த விலை சொன்னால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டியைக் கை காட்டுங்கள். சுற்றுலாத் தலத்து வாசலிலேயே நிற்கும் டாக்ஸிகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்துவது மேல். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைக் கூடத்தில் கூப்பிடுபவர்களைக் கண்டுகொள்ளாமல் தரைத்தளத்துக்கு இறங்குங்கள். அங்குள்ள இயந்திரம் வரிசை எண்ணோடு ஒரு சீட்டு தரும். வண்டி விவரம் அதில்தான் இருக்கிறது, ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மீட்டருக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணமும் டோலும் நியாயமானவையே. தகராறு முற்றினால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம்.

வயதானவர்கள் இருப்பதால் அரண்மனைக்குப் படகில் போவது உத்தமம். சபான் தக்சின் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே சாத்தோர்ன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி படகில் ஏறி தா சாங்கில் இறங்கினால் வாசல் ஐந்தாறு நிமிட நடைதான், மதில் ஓரத்து ஆட்களில் பாதிப் பேரைத் தாண்டிவிடலாம். தோளும் முழங்காலும் மூடிய உடையாக இருக்கட்டும். ‘இந்த டிரஸ்ஸோடு விடமாட்டாங்க’ என்பது அவர்கள் கையில் இருக்கும் அடுத்த துருப்பு.

அம்மா சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால், டாக்ஸியில் “வாட் கேக்” என்று சொல்லுங்கள். தமிழர்கள் கட்டிய அந்தக் கோயிலை ஊர்க்காரர்கள் அழைப்பது அந்தப் பெயரில்தான்.